மூக்கு திறந்திருக்கிறது

வரவில்லை. காலையில் பூட்ஸை மூக்கோடு ஒட்டி மூன்று தரம் இழுத்துப் பார்த்தாயிற்று. தோல் வாசனை இல்லை, பாலிஷ் வாசனை இல்லை. நான்காவது தரம் இழுக்கும்போது என் அறையில் இருக்கிற லானு பார்த்துவிட்டான். என்ன, பூட்ஸுக்கு முத்தம் கொடுக்கிறாயா என்று கேட்டான். ஆமாம், உன் பூட்ஸுக்குத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர். எனக்குப் பின்னால் லானு. பதினொரு பேரும் முடிந்ததும் என் நெற்றிக்கு நேராக அந்தத் துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் வரும், பக்கத்தில் ரெஜிஸ்டரோடு நிற்கிற உஸ்தாத், எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், "தக்லீஃப்?" என்று கேட்பார், ஏதும் கஷ்டம் உண்டா என்று அர்த்தம், நான் "நோ ப்ராப்ளம் சார்" என்று கத்திவிட்டு இடப்பக்கம் ஓட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இந்த ராணுவ அகாடமிக்கு வந்ததிலிருந்து தினமும் செய்கிற வேலை. முதல் பதினான்கு நாள் தனியறையில் பூட்டி வைத்தபோது கதவுக்கு வெளியே வந்து கேட்டார்கள், அப்புறம் பத்தொன்பது நாளாக இந்த மைதானத்தில் கேட்கிறார்கள், முப்பத்துமூன்று தரம் கத்தியிருக்கிறேன், முப்பத்துமூன்று தரமும் நிஜமாகவே ஒன்றுமில்லை. இன்றைக்கு மூக்கு அடைத்திருந்தால் சளி என்று விட்டுவிடலாம். நேற்று முழுக்க மழையில் நின்றோம், யாருக்குத்தான் சளி இல்லை. ஆனால் அடைக்கவில்லை. மூக்கு திறந்திருக்கிறது. காற்று சில்லென்று உள்ளே போகிறது, வெளியே வருகிறது, முகக்கவசம் ஈரமாகி மூக்கில் ஒட்டுகிறது, விடுகிறது. காற்று போகிறது, வாசனை போகவில்லை. அம்மா முடிந்து கொடுத்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன், கற்பூரமும் ஓமமும் கிராம்பும் வைத்துக் கட்டினது, திறந்தால் அறை முழுக்க நாறும் என்று லானு அதைப் பெட்டிக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறான். முகத்தில் வைத்து அழுத்தினேன். கண் எரிந்தது. வாசனை இல்லை. அதை எப்படிச் சொல்வது, கண் எரிகிறது, ஆனால் எது எரிக்கிறது என்று தெரியவில்லை. கக்கூஸுக்குப் போய் நின்றேன். பிளாஸ்டிக் வாளியில் வெள்ளையாக ஃபினாயில் கலந்து வைத்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். தோல் வாசனை எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நான் ஆம்பூர்க்காரன். அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற லைனில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள், கம்பெனி வேனில் இறங்கி வந்து என் தலையைத் தடவினால் தோலும் சொல்யூஷனும் கலந்த வாசனைதான் முதலில் வரும், கை அப்புறம்தான். பிறந்ததிலிருந்து அது இல்லாமல் நான் இருந்ததில்லை. தனியறையில் பூட்டியிருந்த பதினான்கு நாளும் புது பூட்ஸை எடுத்து மோந்துகொண்டுதான் கிடந்தேன், யாரிடமும் சொல்லவில்லை, அழுகிறான் என்பார்கள். இன்றைக்கு மோந்தால் ஒரு கட்டையை மோந்த மாதிரி. பத்து பேர்.

ஒருத்தன் ஓடினால் எல்லோரும் ஒரு வட்டம் முன்னால் நகர வேண்டும். சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள், ஆறடிக்கு ஒன்று, வட்டத்துக்குள் நில், வெளியே கால் போனால் முட்டி போடு என்று உத்தரவு. ராத்திரி மழையில் பாதி வட்டம் கரைந்துவிட்டது. என் வட்டம் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகக் கோணிக்கொண்டு நிற்கிறது, மீதியை நானே நினைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். "குப்புராஜ் சாப்" என்று உஸ்தாத் அங்கிருந்தே இந்தியில் சத்தம் போடுகிறார். எனக்குத் தூக்கிப்போட்டது. கண்டுபிடித்துவிட்டாரா. இல்லை. "குப்புராஜ் சாப், நீங்க நிக்கிறதப் பார்த்தா சினை எருமை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு. முதுகை நிமிர்த்துங்க." நிமிர்த்தினேன். இங்கே இது ஒரு வேடிக்கை, உஸ்தாத் ஒரு ஹவில்தார், நாங்கள் நாளைக்கு ஆபீசர், அதனால் இன்றைக்கே சாப் என்று மரியாதை போட்டுத்தான் திட்ட வேண்டும், எருமை என்று சொல்லலாம், சாப் இல்லாமல் சொல்லக்கூடாது. என் பெயர் குப்புராஜ் இல்லை. குப்புராஜ் என் அப்பா. நான் கு. ஹேமச்சந்திரன். ஃபாரத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன், கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர் என்று அவர்களாக எடுத்துக்கொண்டு நெஞ்சில் குத்துகிற பட்டையில் குப்புராஜ் என்று அடித்துவிட்டார்கள். முதல் நாள் சொல்லிப் பார்த்தேன். அப்படியா, அப்போ ஹேமச்சந்திரன் யாரு, உங்க அப்பாவா என்று கேட்டார் கிளார்க். விட்டுவிட்டேன். காலையிலிருந்து சாயந்திரம் வரை என் அப்பாவைத்தான் திட்டுகிறார்கள். குப்புராஜுக்குக் கை வீசத் தெரியாது, குப்புராஜ் சோற்றுமூட்டை, குப்புராஜ் பத்து சுற்று ஓடு. அப்பாவும் ஹவில்தார்தான். பீரங்கிப் படையில் இருபத்துநான்கு வருஷம், இந்தப் பெயரைச் சொல்லி அங்கே எவ்வளவு திட்டினார்களோ, இப்போது மறுபடி. போனில் சொன்னேன், அவருக்கு ஒரே சிரிப்பு. "திட்டட்டும் உடு. நாலு வருசம் கழிச்சி அதே பேருக்கு முன்னாடி லெப்டினென்ட்டுனு போடுவான் இல்ல, அப்ப பாத்துக்கலாம்." பஸ் ஸ்டாண்டு கிட்டே ஃப்ளெக்ஸ் வேறு வைத்துவிட்டார், என் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிசு பண்ணி, வருங்கால லெப்டினென்ட்டை வாழ்த்துவோம் என்று, கீழே அவர் சிநேகிதர்கள் ஏழு பேர் போட்டோ. ஊரடங்கில் பஸ்ஸே ஓடவில்லை, பார்க்க ஆள் இல்லை, நாய்தான் பார்த்தது. அவருக்கு இடது காது கேட்காது. சேர்ந்த முதல் வருஷமே காதில் பஞ்சு வைப்பதற்குள் பீரங்கி வெடித்ததில் போயிற்று. பட்டாளத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் மெடிக்கலில் டாக்டர் இருபதடி தள்ளிப் பின்னால் நின்றுகொண்டு ஒரு நம்பரை ரகசியம் மாதிரி சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு முன்னால் எப்போதும் நாயர் என்று ஒரு சிநேகிதர் சட்டை மாட்டிக்கொண்டே நின்று, தொடையில் விரலைத் தட்டிக் காட்டுவாராம். நாற்பத்திரண்டு என்றால் நான்கு தட்டு, அப்புறம் இரண்டு. இருபத்திரண்டு வருஷம் நாயரின் தொடையைக் கேட்டு பாஸ் பண்ணியிருக்கிறார். அதை வெற்றிக் கதை மாதிரிச் சொல்வார், வருகிறவன் போகிறவனிடமெல்லாம். எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் அவருக்கு வலப்பக்கமாகத்தான் நடப்போம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நடந்து நடந்து அப்படி ஆகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றபோது அவர் சொன்னது ஒன்றுதான். "இன்னா கேட்டாலும், எவன் கேட்டாலும், நோ ப்ராப்ளம் சார். மூணு வார்த்த. அத்த உட்டு வேற எதுவும் பேசாத." சரிப்பா என்று இடப்பக்கம் நின்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி வலப்பக்கம் வந்து சொன்னேன்.

எட்டு பேர். லானு இருமினான். ஒரே ஒரு தரம். தொண்டையில் எதுவோ போன மாதிரியும் இருக்கலாம், மழைத்தண்ணி, நேற்றைய பராத்தா, எது வேண்டுமானாலும். திரும்பிப் பார்க்கக்கூடாது, காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறேன். லானு நாகாலாந்துக்காரன், முழுப் பெயர் லானுசுங்கிட், அதை உஸ்தாத் இதுவரை ஆறு விதமாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அவனுக்கும் பொதுவாக இருப்பது பாதி இங்கிலீஷும் கால் இந்தியும், மீதிக் காலைக் கையால் சொல்லிக்கொள்வோம். இங்கே தனியாள் என்று யாரும் கிடையாது, இரண்டிரண்டு பேராகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், பட்டி என்பார்கள், இங்கிலீஷில் கூட்டாளி என்று அர்த்தம். ஒருத்தன் தப்பு பண்ணினால் இரண்டு பேருக்கும் முட்டி. ஒருத்தன் சாப்பிட வரவில்லை என்றால் இன்னொருத்தன் தட்டைத் தொடக்கூடாது. வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம், பெல்ட்டு பித்தளை, படுக்கை மடிப்பு எல்லாம் அவன், நான்கு பூட்ஸும் நான். ஷூ போடுகிற ஊர்க்காரன் நீ என்றான், ஷூ தைக்கிற ஊர்டா, துடைக்கிற ஊர் இல்லை என்றேன், இருந்தாலும் எனக்குத்தான் வந்தது. நேற்று சாயந்திரம் விளையாட்டு முடிந்து வந்து உட்கார்ந்து பாலிஷ் போட்டேன். நான்கு பூட்ஸுக்கும் நானே போட்டேன். எப்படிப் போட்டேன் என்பதுதான் விஷயம். பூட்ஸ் முனை கண்ணாடி மாதிரி வர வேண்டுமென்றால் பாலிஷ் மேல் எச்சில் துப்பித் துணியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், பட்டாளத்தில் நூறு வருஷமாக அப்படித்தான். இந்த வருஷம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், எச்சில் தடை, பாலிஷ் டப்பா மூடியில் தண்ணீர் வைத்துப் பஞ்சில் தொட்டுப் போடவும் என்று. தண்ணீர் வைத்து நான்கு நாள் போட்டேன். மங்கல். உஸ்தாத் குனிந்து பார்த்து, "குப்புராஜ் சாப், இதுல என் மூஞ்சி தெரியல, என் பாவம்தான் தெரியுது" என்றார், இரண்டு பேரும் முட்டி போட்டோம். அப்போதுதான் ஆன்றோ வந்தான். எங்களுக்கு ஒரு டெர்ம் மேலே, கன்னியாகுமரி கடல்பக்கத்துக்காரன், அகாடமியிலேயே தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். மெஸ் வாசலில் கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "லேய், தண்ணி வச்சிப் போட்டா எந்தக் காலத்துல மினுங்கும்? துப்பு மக்கா. பூட்ஸுக்கெல்லாம் கொரோனா வராது." வராதுதான். நான் சிரித்தேன். மூன்று நாளாகத் துப்பினேன். நேற்றும் துப்பினேன். லானுவுக்கு ஒரு பழக்கம், பளபளப்பு வந்ததா என்று பார்க்க பூட்ஸை முகத்துக்கு நேராகத் தூக்கி, முனையில் வாயால் ஊதி, சட்டைக் கையால் ஒரு துடைப்பு துடைத்து, அந்தச் சட்டைக் கையாலேயே மூக்கையும் துடைப்பான். நேற்றும் செய்தான். செய்துவிட்டு, "பஸ்ட் கிளாஸ், குப், இதுல பார்த்து ஷேவ் பண்ணலாம்" என்றான். உனக்கு எங்கேடா தாடி என்றேன்.

ஊரில் டியூஷன் எடுத்த தயாளன் சாரும் இப்படித்தான் டஸ்ட் அலர்ஜி என்றார். அவர் ஞாபகம் இப்போது வரக்கூடாது, வருகிறது. மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு எங்கள் ஐந்து பேருக்கு மேத்ஸ் எடுத்தார். அகாடமி எழுத்துத் தேர்வில் நான் பாஸ் பண்ணினது அவரால்தான், அவருக்கு என் மேல் ஒரு இது. மே மாசம். பிளஸ் டூ பரீட்சை நடக்கும் என்று ஊரில் நம்பினவர் அவர் ஒருத்தர்தான். தள்ளித்தான் வச்சிருக்கான், இல்லைனு எவன் சொன்னான், உட்காருங்கடா என்று உட்கார வைத்தார். தும்மினார். சாக்பீஸ் தூசிடா, டஸ்ட் அலர்ஜி என்றார். அவர் சாக்பீஸை விட்டு மார்க்கருக்கு மாறி இரண்டு வருஷம். எங்களுக்கும் தெரியும். ஐந்து பேரும் போர்டைப் பார்த்தோம், வெள்ளை போர்டு, கறுப்பு மார்க்கர், அதில் என்ன தூசி, ஒருத்தரும் கேட்கவில்லை. நான் முதல் பெஞ்சு. நான் கேட்டிருக்கலாம். கேட்டால் வீட்டுக்குப் போ என்பார், கால்குலஸ் பாதியில் நிற்கும். ஏழு நாளில் சார் போய்விட்டார். பிளாஸ்டிக்கில் சுற்றி நேரே கொண்டுபோனார்கள், நாங்கள் போகவில்லை, போக விடவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்து பேரில் ரிஸ்வானுக்கு வந்தது, இரண்டு நாள் காய்ச்சல், எழுந்துவிட்டான். ரிஸ்வான் அம்மா எழவில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்துப் பரீட்சையே கிடையாது, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். டிவியில் அதைப் பார்த்துவிட்டு ரிஸ்வானுக்குப் போன் பண்ணினேன். எடுத்தான். கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம். இங்கே எங்கள் பேட்ச் முழுவதையும் கொரோனா பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பரீட்சை எழுதாமல் வந்தவங்க, நடக்கவாவது கத்துக்குங்க சாப் என்று. கூப்பிடட்டும். சார் கெட்டவர் இல்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், அவர் கெட்டவர் இல்லை, எங்களைக் கரையேற்றத்தான் பார்த்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்த நேரத்தில் சுலபமாக இருக்கும். ஆறு பேர். கால் வலிக்கிறது. தூக்கம் வருகிறது. நின்றபடியே தூங்க இங்கே கற்றுக்கொண்டேன், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்மண்டையில் மட்டும் தூங்குவது. முப்பத்துமூன்று நாளில் ஒரு நாள்கூட முழுசாகத் தூங்கவில்லை. மூக்கு போனதுகூட அலுப்பாகவே இருக்கிறது, பயப்படுவதற்கும் தெம்பு வேண்டும் போல. யாராவது வந்து நீ பாசிட்டிவ், போய்ப் படு என்று சொல்லிவிட்டால் தேவலை, பத்து நாள் படுப்பேன். அப்படி நினைத்த உடனே அசிங்கமாக இருக்கிறது.

பத்து நாள் படுத்தால் கதை முடிந்தது. விதி இதுதான்: ஒரு டெர்மில் பதினைந்து நாளுக்கு மேல் பயிற்சி தவறினால் பேட்சை விட்டு இறக்கிவிடுவார்கள், ஆறு மாசம் கழித்து வருகிற புதுப் பையன்களோடு மறுபடி முதலிலிருந்து. ரெலிகேட் என்பார்கள். நோய் வந்தவனுக்கு ஆஸ்பத்திரி பத்து நாள், அப்புறம் ஓடக்கூடாது என்று ஏழு நாள், பதினேழு. நான் இறங்குவேன். சரி, அது என் தலையெழுத்து, அப்பா ஃப்ளெக்ஸைக் கழற்றிக்கொள்ளட்டும். ஆனால் பட்டிக்குப் பதினான்கு நாள் தனியறை. அது மட்டும் என்றால் லானு தப்பித்துவிடுவான், ஒரு நாள் மிச்சம் இருக்கும். ஆனால் அவன் ஏற்கெனவே கால் கட்டைவிரல் நகம் புண்ணாகி மூன்று நாள் படுத்துவிட்டான். மூன்றும் பதினான்கும் பதினேழு. அவனும் இறங்குவான். நான் வாயைத் திறந்தால் இரண்டு பேர் காலி. அவனுக்கு அகாடமி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவன் அக்கா கோஹிமாவில் டீச்சர், தன் கல்யாணத்தை டிசம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறாள், தம்பி முதல் டெர்ம் முடித்து யூனிஃபார்மில் வந்து நிற்க வேண்டுமாம். இறங்கினவனை முதல் டெர்ம் முடித்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போன வாரம் குர்நூர் என்று அடுத்த பிளாக் பையன் தொண்டை வலி என்று கையைத் தூக்கினான். பிளாக்கையே பூட்டினார்கள். ரிசல்ட் வந்தது, ஒன்றுமில்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் பதினாறு பேருக்கு நான்கு நாள் போய்விட்டது. இப்போது அவன் பெயர் பாசிட்டிவ். மெஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, நோய்க்குப் பயந்து இல்லை, கோபத்தில். ஆன்றோ நேற்று அவனைக் காட்டி, "பாத்தியாடே, சத்தியவான். இப்பம் சப்பாத்திக்கு சப்ஜி கொடுக்கவும் ஆளில்ல" என்றான். எனக்கும் குர்நூர் மாதிரி ஒன்றுமில்லாமல் போகலாம். மழையில் மூக்கு ஒரு நாள் தூங்கியிருக்கலாம். நாளைக்குக் காலையில் எழுந்தால் தோல் வாசனை வரலாம். ஒரு நாள் பார்க்கலாமே. ஒரே ஒரு நாள். தயாளன் சாரும் ஒரு நாள் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருப்பார். முதல் நாளே ஏழு நாள் என்று யாராவது நினைப்பார்களா. ஞாயிற்றுக்கிழமை போன் பேசினபோது அம்மா கேட்டாள், ஐந்து நிமிஷத்தில் முதல் நான்கை அப்பா எடுத்துக்கொண்டு கொடுத்த பிறகு. "டேய் ஹேமு, சாப்பாடு வாசம் தெரியுதா? தெனமும் எதனா மோந்து பாரு. போச்சினா ஒளிக்காதடா, இன்னா." பின்னால் அப்பா சத்தம், அவர் எப்போதும் சத்தம்தான், தன் குரல் தனக்குப் பாதிதான் கேட்கும். "அவன இன்னாத்துக்கு பயமுறுத்திக்கினு கீற. டேய், நோ ப்ராப்ளம்!" போன் கட் ஆயிற்று. அம்மாவும் சொன்னாள், அப்பாவும் சொன்னார். நோட்டீஸ் போர்டும் சொல்கிறது, ஆன்றோவும் சொல்கிறான். சொல்வதற்கு எத்தனை பேர். மூன்று பேர். முன்னால் நிற்கிறவன் ஓடினான், சேறு தெறித்து என் பூட்ஸ் முனையில் ஒரு பொட்டு. குனிந்து துடைக்கக்கூடாது. அந்தப் பொட்டைச் சுற்றி வானம் தெரிகிறது, மேகம், பின்னால் ஒரு மரம், அவ்வளவு நன்றாகத் துப்பியிருக்கிறேன். பின்னால் லானு முனகினான், உதடு அசைக்காமல் பேச அவனுக்குத்தான் வரும். "குப், இன்னிக்கு உஸ்தாத் நம்ம பூட்ஸப் பார்த்து மயங்கி விழப்போறார்." சொல்லி முடிப்பதற்குள் இருமினான். இரண்டு தரம். "மழை" என்றான், நான் கேட்காமலேயே.

நான் கேட்கவே இல்லையே. அவன் ஏன் மழை என்று சொன்னான். டஸ்ட் அலர்ஜி, மழை. அவனும் காலையில் எதையோ மோந்து பார்த்தானா. அவனும் என்னைப் போலவே நின்று, என்னால் இவன் இறங்கிவிடுவானே என்று என் முதுகைப் பார்த்துக் கணக்குப் போடுகிறானா. இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் காப்பாற்றுகிறோம் என்று ஒளித்துக்கொண்டு, இன்று மதியம் மூச்சு வாங்க இவனை ஏழு கிலோமீட்டர் ஓட விடப்போகிறேனா. ஓடுவான். கட்டைவிரல் நகம் இல்லாமலே ஓடினவன். உதடு நீலமானாலும் ஓடுவான், கேட்டால் நோ ப்ராப்ளம் என்பான், அதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் ஒரு குப்புராஜ் இருக்கிறார். ஒருத்தன். அவனும் ஓடினான். என் முறை. கரைந்த வட்டத்திலிருந்து கடைசி வட்டத்துக்கு வந்தேன், இது மட்டும் காலையில் புதிதாகப் போட்டது, பளிச்சென்று முழுசாக இருக்கிறது. மருந்தக ஆள் ரப்பர் கையுறை போட்ட கையால் தெர்மாமீட்டரை நீட்டினார். நெற்றியில் மழைத்துளி இருந்தது, துடைக்கச் சொன்னார், துடைத்தேன். பீப். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. காய்ச்சல் இல்லை. கருவிக்கே ஒன்றும் தெரியவில்லை, எனக்கு மட்டும் எதற்கு. உஸ்தாத் குடைக்கடியில் ரெஜிஸ்டரைப் பார்த்தபடி குப்புராஜ் என்ற பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டார், கேட்பதற்கு முன்பே, முப்பத்துமூன்று நாளாகப் போட்ட கை. டிக் போட்டபிறகு, "குப்புராஜ் சாப். தக்லீஃப்?" என்றார். மூன்று வார்த்தைகள். தயாராகத்தான் இருந்தன, நாக்குக்கு அடியிலேயே, ஸ்டேஷனிலிருந்து சுமந்துகொண்டு வந்தவை. வாயைத் திறந்தேன். ஈர முகக்கவசம் பல்லில் ஒட்டியது. பேனா அடுத்த பெயருக்கு, லானுவின் பெயருக்கு, இறங்கிவிட்டது. பின்னால் அவன் பூட்ஸ் சேற்றில் நகர்கிற சத்தம், நான் ஓடிவிடுவேன் என்று நினைத்து என் வட்டத்துக்குள் வரப்போகிறான். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினேன், வராதே என்று. விரலை விரித்து. நின்றுவிட்டான். உஸ்தாத் இப்போதுதான் தலையை நிமிர்த்தினார், இத்தனை நாளில் முதல் தரமாக என் மூஞ்சியைப் பார்க்கிறார், வயசு அப்பா வயசுதான் இருக்கும். சாப் என்று ஆரம்பித்தவர் அதை விட்டுவிட்டு, "என்ன தம்பி, இப்படி முழிக்கிறே, கத்து, கத்திட்டு இடப்பக்கம் ஓடு" என்றார். நான் கத்தவில்லை. இடப்பக்கம் ஓடவும் இல்லை.